கசாப்புக் கடைக்காரரும் ஏழு டாலர் நோட்டும்



ஹாங்காங்கில் வேலை பார்க்கும் நம் பள்ளியின் பழைய மாணவர் ஒருவர் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார். பெரிய மைதானம் நிறைய ஜனம். பாதிப் பேர் கோழி வேடத்திலும் வாழைப்பழ வேடத்திலும் இருக்கிறார்கள். "சார், இங்க ரக்பி செவன்ஸ்னு மூணு நாளா ஊரே திருவிழாவா கிடக்கு. இதுக்கும் ஏதாவது வரலாறு இருக்கா?" என்று கேட்டிருந்தார். ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியாரிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கலாமா? படிக்கப் படிக்க இந்த விளையாட்டு என்னை எங்கெங்கோ கூட்டிப் போய்விட்டது. ஸ்காட்லாந்தில் ஆரம்பித்து நம் ஆற்காடு, தஞ்சாவூர் வரைக்கும் வந்து நிற்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஆட்டம். ரக்பியில் பந்து முட்டை வடிவில் இருக்கும். கையில் எடுத்துக்கொண்டு முன்னால் ஓடலாம், காலால் உதைக்கலாம். ஆனால் கூட்டாளிக்குக் கையால் எறிந்தால் பின்பக்கமாகத்தான் எறிய வேண்டும். எதிராளியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தி வைத்தால் 5 புள்ளி, அதைத் தொடர்ந்து கம்பத்துக்கு மேலே உதைத்தால் இன்னும் 2. வழக்கமான ரக்பியில் பக்கத்துக்கு 15 பேர், ஆட்டம் 80 நிமிடம். செவன்ஸில் நம் கபடி மாதிரி பக்கத்துக்கு 7 பேர்தான். மைதானம் மட்டும் அதே அளவு, ஏறக்குறைய 100 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். 15 பேர் நின்ற இடத்தில் 7 பேர் நின்றால் எவ்வளவு வெற்றிடம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உடம்பு பலத்தை விடக் கால் வேகத்துக்கு மதிப்பு. 7 நிமிடம், சின்ன இடைவேளை, மறுபடி 7 நிமிடம். அவ்வளவுதான் ஒரு ஆட்டம்.

இந்தக் குட்டி ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் எந்தப் பிரபுவும் அல்ல. ஸ்காட்லாந்தின் தென் எல்லையில் மெல்ரோஸ் என்று ஒரு சிற்றூர். அங்கே கசாப்புக் கடையில் வேலை செய்த நெட் ஹெய்க் என்பவர் ஊர் ரக்பி கிளப்பிலும் ஆடிக்கொண்டிருந்தார். 1883-இல் கிளப்பில் பணமில்லை. பல ஊர் அணிகளைக் கூப்பிட்டுப் போட்டி வைத்தால் டிக்கெட் பணம் வரும். ஆனால் 15 பேர் ஆட்டத்தை ஒரே மத்தியானத்தில் எத்தனை முறை நடத்த முடியும்? ஆளைக் குறை, நேரத்தைக் குறை என்றார் ஹெய்க். அந்த வருடம் ஏப்ரல் 28 அன்று போட்டி நடந்தது. கடைசி ஆட்டம் மெல்ரோஸுக்கும் பக்கத்து ஊரான காலாவுக்கும். சமநிலையானதால் கூடுதல் நேரம் கொடுத்தார்கள். அதில் மெல்ரோஸ் ஒரு முறை பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்ததுமே, "ஜெயித்துவிட்டோம்" என்று சொல்லி மைதானத்தை விட்டு வெளியேறிவிட்டது! காலாக்காரர்கள் கத்தியும் பயனில்லை. உள்ளூர்ப் போட்டி என்றால் எந்த நாட்டிலும் இப்படித்தான் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு ஏறக்குறைய 90 ஆண்டுகள் செவன்ஸ் ஊர்த் திருவிழா ஆட்டமாகவே இருந்தது. 1973-இல் எடின்பரோவில் முதன்முறையாக நாட்டு அணிகளை வைத்து ஒரு போட்டி நடத்தினார்கள், இங்கிலாந்து ஜெயித்தது. ஆனாலும் பெரிய ரக்பி நாடுகள் இதை ஒரு பொழுதுபோக்காகத்தான் பார்த்தன. அப்போது உலக ரக்பி விரல் விட்டு எண்ணக்கூடிய சில நாடுகளின் கைக்குள் இருந்தது. கிரிக்கெட்டில் முதல் உலகக் கோப்பை 1975-இல் வந்துவிட்டது, ரக்பியில் 1987 வரை உலகக் கோப்பையே கிடையாது. ஆசியாவிலோ பசிபிக் தீவுகளிலோ ஆடுகிறவனுக்குப் பெரிய மேடை என்று ஒன்று இல்லை.

அந்த மேடையை ஹாங்காங்தான் போட்டுக் கொடுத்தது. அப்போது அது பிரிட்டிஷ் காலனி. அங்கே ரக்பி சங்கத் தலைவராக இருந்தவர் டாக்கி ஸ்மித். ராத்மன்ஸ் சிகரெட் கம்பெனியைச் சேர்ந்த இயன் கவ் என்பவர் அவரிடம், உலகத் தரத்தில் ஒரு ரக்பிப் போட்டி நடத்த வேண்டும் என்றார். 15 பேர் அணிகளை வரவழைத்து நடத்துவது கட்டுப்படியாகாது, செவன்ஸ் வைக்கலாம் என்றார் ஸ்மித். மெல்ரோஸ் கசாப்புக் கடைக்காரர் போட்ட அதே கணக்கு! (சிகரெட் பணத்தில் விளையாட்டா என்று முகம் சுளிக்காதீர்கள். 1996-இல் நம் நாட்டில் நடந்த கிரிக்கெட் உலகக் கோப்பைக்கே வில்ஸ் என்றுதானே பெயர்.) விமான கம்பெனி கேத்தே பசிபிக்கும் சேர்ந்துகொண்டது.

1976 மார்ச் 28, ஞாயிற்றுக்கிழமை. ஹேப்பி வேலியில் உள்ள கால்பந்து கிளப் மைதானத்தில் 12 அணிகள் கூடின. அந்தப் பட்டியலைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்: ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிஜி, டோங்கா, ஜப்பான், தென் கொரியா, தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, இலங்கை, ஹாங்காங். பிரிட்டனிலிருந்து ஓர் அணிகூட இல்லை. நியூசிலாந்தின் கேன்டபிரியன்ஸ் அணி கோப்பையை வென்றது. அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் வென்றது யார் தெரியுமா? பிஜி.

பிஜி என்றதும் உங்களில் சிலருக்குப் பாரதியார் ஞாபகம் வந்திருக்கும். அதே பிஜிதான். கரும்பு வெட்ட நம் ஜனங்கள் கப்பலேறிய தீவு. 1879-இல் கல்கத்தாவிலிருந்து முதல் கப்பல் போனது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆள் ஏற்றினார்கள். வட ஆற்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர், திருச்சி, ஆந்திரக் கடற்கரை, மலபார் என்று பல இடத்து ஜனங்கள் போனார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். அந்த 'அக்ரிமென்ட்' என்ற சொல் அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆயிற்று. மொத்தம் போனவர்கள் 60,000-க்கும் மேல், அதில் கால்வாசி தென்னிந்தியர். 1926-இல் சாது குப்புசாமி தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் அங்கே பள்ளிக்கூடங்கள் நடத்துகிறது. ஒரு வாத்தியாராக எனக்கு அது பெருமையான செய்தி.

ஆனால் ரக்பி நம்மவர் ஆட்டமாக இருக்கவில்லை. அது அந்த மண்ணின் பூர்வகுடிகளான இதௌக்கேய் மக்களின் ஆட்டம். இந்தியர் கால்பந்து ஆடினார்கள். 1938-இல் அவர்கள் ஆரம்பித்த சங்கத்துக்குப் பெயரே 'பிஜி இந்தியர் கால்பந்து சங்கம்'. அந்தப் பெயரிலிருந்து 'இந்தியர்' என்ற சொல் போனது பிற்பாடுதான். வெள்ளைக்கார அரசு இரண்டு கூட்டத்தையும் தனித்தனியே வைத்தது. நிலம் ஒருவருக்கு, கரும்பு ஒருவருக்கு, பள்ளிக்கூடம் தனி, விளையாட்டும் தனி. அதன் பலன் 1987 மே 14 அன்று தெரிந்தது. இந்தியர் ஆதரவோடு ஆட்சிக்கு வந்து ஒரு மாதமே ஆன அரசை லெப்டினன்ட் கர்னல் சிதிவேனி ரபூக்கா ராணுவத்தைக் கொண்டு கவிழ்த்தார். இளமையில் அவரும் பிஜி அணியில் ரக்பி ஆடியவர். 2000-இல் மறுபடி ஒரு கவிழ்ப்பு, அப்போது பிரதமராக இருந்தவர் மகேந்திர சௌத்ரி. ஏறக்குறைய மக்கள் தொகையில் பாதியாக இருந்த இந்தியர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கனடாவுக்கும் போகத் தொடங்கினார்கள். 2007 கணக்கெடுப்பில் அவர்கள் 37.5 சதவீதம்.

இவ்வளவுக்கும் நடுவில் வருடா வருடம் ஹாங்காங்கில் பிஜிக்காரர்கள் ஆடிக்கொண்டே இருந்தார்கள். 1990, 91, 92 மூன்று வருடமும் கோப்பை அவர்களுக்கே. வாய்சாலே செரெவி என்று ஒருவர், உயரம் குறைவு, ஆனால் பந்து கையில் இருந்தால் எந்தப் பக்கம் திரும்புவார் என்று எதிராளிக்குத் தெரியாது. 1997 மார்ச்சில் செவன்ஸ் உலகக் கோப்பையே ஹாங்காங்கில் நடந்தது. அந்தக் கோப்பைக்குப் பெயர் 'மெல்ரோஸ் கோப்பை'. ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்பட இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது. இறுதி ஆட்டத்தில் செரெவியின் அணி தென் ஆப்பிரிக்காவை 24-21 என்று வென்றது. 2005-இல் மறுபடி அங்கேயே உலகக் கோப்பை, மறுபடி செரெவி, மறுபடி பிஜி.

2009 அக்டோபரில் கோபன்ஹேகனில் கூடிய ஒலிம்பிக் கமிட்டி, 2016 முதல் செவன்ஸைச் சேர்ப்பதாக முடிவு செய்தது. பெரிய ரக்பி நாடுகள் விளையாட்டாக நினைத்ததைச் சின்ன நாடுகள் வளர்த்து ஒலிம்பிக் வரை கொண்டு வந்துவிட்டன என்றுதான் நான் சொல்வேன்.

2013-இல் பிஜி அணிக்குப் பயிற்சியாளராகப் போனவர் பென் ரயான் என்ற செந்தலை ஆங்கிலேயர். சங்கத்திடம் பணமில்லை, முதல் சில மாதம் அவருக்குச் சம்பளமே வரவில்லை. சிகடோகா மணல் மேடுகளில் பையன்களை ஏறி இறங்க வைத்தே பயிற்சி கொடுத்தார். 2016 பிப்ரவரி 20 அன்று வின்ஸ்டன் புயல் அடித்தது. 44 பேர் இறந்தார்கள். கிராமம் கிராமமாக வீடுகள் போயின. தானே புயலையும் கஜா புயலையும் பார்த்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 11, ரியோ ஒலிம்பிக் இறுதி ஆட்டம், எதிரே பிரிட்டன். ஒரு காலத்தில் அந்தத் தீவை ஆண்ட நாடு, இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த நாடு. இடைவேளையில் 29-0. முடிவில் 43-7. பிஜிக்கு அதுதான் எந்த விளையாட்டிலும் முதல் ஒலிம்பிக் பதக்கம், அதுவும் தங்கம். பிரிட்டிஷ் இளவரசி ஆன் பதக்கம் அணிவிக்க வந்தபோது வீரர்கள் ஒவ்வொருவராக மண்டியிட்டு, தங்கள் ஊர் முறைப்படி கை தட்டி மரியாதை செய்தார்கள். அவ்வளவு பெரிய அடி கொடுத்துவிட்டு அப்படி ஒரு பணிவு! நான் யூடியூப்பில் நான்கைந்து முறை பார்த்தேன்.

பிஜியில் பொது விடுமுறை விட்டார்கள். 2017-இல் ஏழு டாலர் நோட்டு ஒன்றை அச்சடித்தார்கள், அணித் தலைவர் ஓசியா கொலினிசாவின் படத்தோடு. ஐந்து, பத்து பார்த்திருப்பீர்கள், ஏழு டாலர் நோட்டு பார்த்திருக்கிறீர்களா? அந்த நோட்டு கரும்புத் தோட்டக்காரர் மடியிலும் இருந்தது, மீன் விற்பவர் மடியிலும் இருந்தது.

ஒரு தங்கத்தால் நூறு வருடப் பிளவு ஆறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ரபூக்கா தாம் செய்த கவிழ்ப்புக்காக 2023 மே 14 அன்று இந்தியர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அப்போது அவர் மறுபடி பிரதமர். இடையில் 2021-இல் டோக்கியோவிலும் பிஜி ஆண்கள் தங்கம் வென்றார்கள், பெண்கள் அணி வெண்கலம் வென்றது. 2024-இல் பாரிஸில்தான் பிரான்ஸிடம் 28-7 என்று தோற்றார்கள். அதுவரை ஒலிம்பிக்கில் பிஜி ஆண்கள் ஒரு ஆட்டம்கூடத் தோற்றதில்லை.

நம் சொந்தங்களில், பழைய மாணவர் குடும்பங்களில், 1903-க்குப் பிறகு பிஜிக்குக் கப்பலேறிய யாரைப் பற்றியாவது வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தால் கீழே எழுதுங்கள். ஊர்ப் பெயர் மட்டும் தெரிந்தாலும் போதும், மீதியைத் தேடிப் பார்க்கிறேன்.