செங்குத்தில் ஒரு திராட்சைத் தோட்டம்

ஸ்பெயின் ஒயின் என்றால் ரியோகா என்பார்கள். வடமேற்கில், கலீசியாவின் ரிபெய்ரா சாக்ரா அந்தப் பேச்சில் அதிகம் வருவதில்லை. சில், மின்யோ ஆறுகள் மலையைப் பிளந்து ஓடும் இந்தப் பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடிகள் நிற்பது, நிமிர்ந்து நடக்கவே சிரமமான சரிவுகளில்.

கொடிகளைத் தாங்குபவை, கல் அடுக்கிக் கட்டிய படிப்படியான தளங்கள். ரோமானியர் காலத்திலிருந்தே இங்கே திராட்சை விளைந்ததாகச் சொல்வார்கள். அதைப் பேணி வளர்த்ததில் மடாலயங்களுக்குப் பெரும் பங்குண்டு. பாறையைக் குடைந்த சான் பெட்ரோ தெ ரோகாஸ் துறவிமடத்தின் கல்வெட்டு கி.பி. 573-ஐக் குறிக்கிறது. பூசைக்கு ஒயின் வேண்டும். துறவிகளுக்கும் தாகம் எடுக்குமல்லவா!

1830-களில் அரசு மடாலயச் சொத்துகளைப் பறிமுதல் செய்தது. அந்த நூற்றாண்டிலேயே ஃபைலோக்சரா பூச்சி கொடிகளின் வேரை அழித்தது. பிழைப்புத் தேடி மக்கள் கப்பலேறினார்கள். தளங்களில் புதர் மண்டியது.

பிறகு வந்தன அணைகள். 1963-இல் மின்யோவின் குறுக்கே எழுந்த பெலெசார் அணை, கரையோரத் தோட்டங்களோடு பழைய போர்தோமரீன் ஊரையும் மூழ்கடித்தது. ஊர்த் தேவாலயத்தைக் கற்களுக்கு எண்ணிட்டுப் பிரித்து, மேட்டில் மீண்டும் கட்டினார்கள்.

1996-இல் இந்த வட்டாரத்துக்குத் தனி ஒயின் முத்திரை கிடைத்தது. மென்சியா என்னும் கருந்திராட்சையே இங்கே ராணி. இயந்திரம் ஏறாத சரிவுகளில் அறுவடை இன்றும் கையால்தான். சில தோட்டங்களில் பெட்டிகளைச் சிறு தண்டவாளத்தில் மேலே இழுக்கிறார்கள். சில இடங்களில் படகு வருகிறது.