கொட்டியாரக் குடாவில் மூப்பும் பிணியும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கோட்டைகளையும் கடற்படைகளையும் பற்றியே எழுதியுள்ளனர். போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1639இல் ஒல்லாந்தர் கைப்பற்றியதும், 1795இல் அஃது ஆங்கிலேயர் வசமானதும் நாம் அறிந்தவையே. ஆயின் இக்கடற்கரையில் மனிதர் எவ்வாறு மூப்படைந்தனர், எவ்வாறு நோயுற்றனர், அவர்தம் உடல்நோய்க்கும் மனத்துயருக்கும் இடையே இருந்த தொடர்பு யாது என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்பட்டுள்ளன. இவற்றை ஆராயத் துணைபுரியும் பழைய சான்றொன்று மூதூர்க் கரையிலிருந்து தொடங்குகின்றது.

1659ஆம் ஆண்டின் இறுதியில் மசூலிப்பட்டினத்தருகே புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், புதிய மரம் பொருத்தும் பொருட்டுக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. 1660 ஏப்ரலில் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பலின் தலைவரையும், ஏறத்தாழப் பத்தொன்பது வயதினனான அவர் மகனையும், மாலுமிகள் சிலரையும் சிறைப்படுத்தி உள்நாட்டுக்குக் கொண்டுசென்றனர். தந்தை, மகன் இருவர் பெயரும் றொபேட் நொக்ஸ் என்பதே. மகன் 1679இல் தப்பிச்சென்று, 1681இல் இலண்டனில் வெளியிட்ட இலங்கை வரலாற்று நூலை நம் மாணவர் நன்கறிவர். சாதி, வேளாண்மை, ஆட்சிமுறை ஆகியவற்றை அறியவே அந்நூலை நாம் புரட்டுகின்றோம். முதுமையை நெருங்கிய ஒருவரின் நோய்க்குறிப்பும் அதனுள் அடங்கியிருத்தலை எவரும் பொருட்படுத்துவதில்லை.

தந்தையும் மகனும் ஏழு கோறளையிலுள்ள பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரில் வைக்கப்பட்டனர். விலங்கு பூட்டப்படவில்லை. அரசன் ஆணைப்படி ஊரார் உணவளித்தனர். எனினும் இருவரையும் குளிர்காய்ச்சல் பற்றியது. அது மலேரியாவே எனக் கருத இடமுண்டு. காய்ச்சலினும் கொடிதாகத் தந்தையை வருத்தியது, தாயற்ற தம் பிள்ளைகள் தாய்நாட்டில் தந்தையையும் இழந்து நிற்பரே என்னும் ஏக்கமாகும். அவர் எலும்புந்தோலுமாக மெலிந்தார். அந்நிலையிலும், விடுதலை என்னும் செய்தி செவிப்பட்டாற் போதும், கைகால்கள் வலுப்பெறும் என்று அவர் அடிக்கடி கூறியதாக மகன் எழுதுகின்றார். அச்செய்தி வரவில்லை. 1661 பெப்ரவரியில் அவர் உயிர் நீத்தார்.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என நால்வகைப்படுத்தும். ஈற்றில் நிற்பவனுக்கு 'உழைச்செல்வான்' என்று பெயர். இவ்வளவைகொண்டு நோக்கின், மூத்த நொக்ஸின் படுக்கையருகே இருந்த துணை உழைச்செல்வானாகிய மகன் ஒருவனே. அவனும் காய்ச்சலில் கிடந்தான். ஆயினும் அவன் பிழைத்தான். பின்னர்த் தொப்பி பின்னி விற்றான். நெல் கடன் கொடுத்து வாழ்ந்தான். ஆங்கில விவிலியம் ஒன்று கைக்கு வந்தபோது பேருவகை எய்தினான். தொழிலும் நூலும் நண்பரும் தப்பிச்செல்லும் நம்பிக்கையும் அவனுக்கு இருந்தன. 1720இல் இங்கிலாந்தில் இறந்தபோது அவனுக்கு வயது எண்பதை அண்மித்திருந்தது. ஒருவர் வாழ்வைக் கொண்டு பொதுவிதி வகுத்தல் வரலாற்று மாணவனுக்குத் தகாது. இளமையே மகனைக் காத்தது எனவும் வாதிடலாம். எனினும் ஒரே காய்ச்சல் இருவரிடத்து இருவேறு முடிவெய்தியமைக்கு வயது மட்டுமே காரணமென்று அந்நூலைக் கற்போர் துணிதல் அரிது.

அக்காய்ச்சலின் கதை பின்னர் முற்றாக மாறியது. 1934-35ஆம் ஆண்டுகளின் பெருங்கொள்ளைநோயை அடுத்து, 1946இல் நாடளாவிய டி.டி.ரி. தெளிப்புத் தொடங்கிற்று. ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 ஆகவிருந்த இறப்பு வீதம் 1947இல் ஏறத்தாழ 14 ஆகக் குறைந்தது. மருத்துவமனைகளின் பெருக்கமும் உணவு நிலையும் இதிற் பங்குகொண்டன என்பர் ஆய்வாளர். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இவ்வாறு நீண்ட ஆயுளின் பயனாகவே முதியோர் என்னும் பெருந்தொகையினர் நம் சமுதாயத்தில் உருவாயினர். மூத்த நொக்ஸின் உடலை வருத்திய நோய்க்கு விடை கிடைத்துவிட்டது. அவர் உள்ளத்தை வருத்திய நோயோ அக்குடாவின் கரையை விட்டு நீங்கவில்லை.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. 2006 ஏப்ரலில் சம்பூர்ப் பகுதித் தமிழரும், அவ்வாண்டு ஆகத்தில் மூதூர் முஸ்லிம்களும் போரினால் இடம்பெயர்ந்தனர். மூதூர் மக்கள் சில வாரங்களில் மீளத்தொடங்கினர். சம்பூர் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டமையால், அதன் மக்கள் கிளிவெட்டி முதலிய இடங்களின் முகாம்களில் வாழ்ந்து, 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே படிப்படியாகத் திரும்பினர். ஒன்பது ஆண்டு இளைஞனுக்கு வாழ்வின் ஒரு பகுதி. எழுபது வயதினருக்கோ எஞ்சிய வாழ்வு முழுவதுமாதல் கூடும். நிவாரண அரிசி உடலைத் தாங்கும். தன் கிணறும் வயலும் கோயிலும் கண்ணெட்டும் தூரத்திலிருக்க, அவற்றை அணுகமுடியாத முதியவரின் உள்ளத்தை அது தாங்குமா? பண்டார கொஸ்வத்தையிலும் உணவுக்குக் குறைவிருக்கவில்லை என்பதை நாம் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

உடல், உளம், சமூகம் ஆகிய மூன்றன் நலனும் ஒருங்கே அமைதலே உடல்நலம் என 1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவன யாப்பு வரையறுத்தது. இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பேணும் கடமையைப் பிள்ளைகளுக்கு உணர்த்தி, பராமரிப்புப் பணம் கோரவும் வழிசெய்தது. பணத்தைச் சட்டம் பெற்றுத்தரும். உழைச்செல்வானை அது தருதல் இயலாது. மருத்துவனும் மருந்தும் முன்னெப்போதிலும் அண்மையில் உள்ள இக்காலத்தில், பிள்ளைகள் கடல் கடந்து சென்றுவிட்ட இல்லங்களிற் குறைவது நான்காவது உறுப்பேயாகும்.

எனவே திருகோணமலை வரலாற்றை எழுதப் புகுவோர், கோட்டைச் சுவர்களை அளப்பதோடு அமையாது, முகாம்களிலும் மீள்குடியேறிய ஊர்களிலும் வாழ்ந்த முதியோரின் கூற்றுகளையும் பதிவுசெய்தல் வேண்டும். மூத்த நொக்ஸின் துயரை நாம் அறிவது, அருகிருந்த ஒருவன் அதனைக் கேட்டு எழுதிவைத்தமையாலன்றோ? நம் முதியோர் கூறுவதைக் கேட்டு எழுதுவோர் இன்று யாவர்? அவர்கள் உயிரோடிருக்கும் காலத்திலேயே இவ்வினாவிற்குப் பல்கலைக்கழகம் விடையளித்தல் வேண்டும்.