உலோக ஹைட்ரஜன்

கடும் அழுத்தத்தில் மின்சாரம் கடத்தும் உலோகமாகிவிடும் ஹைட்ரஜன். யூஜின் விக்னர், ஹண்டிங்டன் இருவரும் 1935-இல் குவாண்டம் கணக்கீட்டால் இதை முன்னறிவித்தனர். வளிமண்டல அழுத்தத்தைப்போல் இரண்டரை லட்சம் மடங்கு (25 கிகாபாஸ்கல்) அழுத்தம் போதும் என்றனர்; உண்மையில் தேவைப்படுவது பல மடங்கு அதிகம். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஹைட்ரஜனின் அணுக்கருவான புரோட்டான் மிக இலேசானது. தனிச்சுழி வெப்பநிலையிலும் அதிர்ந்துகொண்டே இருக்கும். எனவே எலக்ட்ரானை மட்டுமல்லாமல் அணுக்கருவையும் குவாண்டம் பொருளாகவே கணக்கிட வேண்டும். இன்றைய கணினிகளுக்கும் அது கடினம்.

1996-இல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகம், திரவ ஹைட்ரஜனை அதிர்ச்சி அலையால் 140 கிகாபாஸ்கலுக்கு அழுத்தி, உலோகத்துக்குரிய மின்கடத்தலை அளந்தது. அந்நிலை ஒரு மைக்ரோநொடிகூட நீடிக்கவில்லை. திண்ம வடிவத்தின் கதை வேறு. இரு வைர முனைகளுக்கிடையே சில மைக்ரோமீட்டர் அளவுள்ள மாதிரியை நெரிக்க வேண்டும். ஹைட்ரஜனோ வைரத்துக்குள்ளேயே ஊடுருவி அதை உடைத்துவிடும். திண்ம உலோக ஹைட்ரஜனை 495 கிகாபாஸ்கலில் உருவாக்கியதாக 2017-இல் ஹார்வர்டு குழு அறிவித்தது. வைரம் நொறுங்கி மாதிரி தொலைந்தது, சர்ச்சை மட்டும் மிஞ்சியது.

உலோக ஹைட்ரஜன் மின்தடையே இல்லாத மீகடத்தியாகும் என்று 1968-இல் நீல் ஆஷ்கிராஃப்ட் கணித்தார். அவ்வழியே ஹைட்ரஜன் செறிந்த சேர்மங்களைத் தேடியவர்கள், 2015-இல் ஹைட்ரஜன் சல்பைடில் 203 கெல்வின் மீகடத்தலைக் கண்டனர். ஆய்வகத்துக்கு வெளியே, வியாழன் கோளின் காந்தப்புலம் அதன் உள்ளே சுழலும் திரவ உலோக ஹைட்ரஜனால் உண்டாகிறது.