இருட்டறைப் பொருள்களின் உற்பத்தி நிறுத்தம்

இருட்டறைப் பொருள்கள் என்பவை பிலிம் கழுவவும் பிரிண்ட் போடவும் தேவைப்படுபவை. டெவலப்பர், ஸ்டாப் பாத், ஹைப்போ, டோனர் முதலிய வேதிப்பொருள்களும், புகைப்படத் தாள், என்லார்ஜர், அதன் லென்ஸ், பல்பு ஆகியவையும் இதில் அடங்கும். நூறாண்டுக்கு மேல் பெருந்தொழிலாக நடந்த இவற்றின் உற்பத்தி 2004க்கும் 2013க்கும் இடையில் சரிந்தது. டிஜிட்டல் கேமரா வந்தது, பிலிம் போனது என்று ஒரே வரியில் இதைச் சொல்லி முடிப்பது வழக்கம். அது தவறல்ல. ஆனால் எது முதலில் நின்றது, எது இன்றும் கிடைக்கிறது, எது இனி வரவே வராது என்பதற்கு அந்த வரியில் விடை இல்லை. விடை பெரும்பாலும் ஆலை எந்திரங்களின் அளவில் இருக்கிறது.

சூத்திரமும் எந்திரமும்

சோடியம் தயோசல்பேட் வெள்ளி உப்புகளைக் கரைப்பதை ஜான் ஹெர்ஷல் 1819இல் கண்டறிந்தார். இருபது ஆண்டு கழித்துப் புகைப்படம் பிறந்தபோது, படத்தை நிலைக்கவைக்க அதுவே ஏற்றது என்று சொன்னவரும் அவர்தான். ஸ்டூடியோக்காரர்கள் ஹைப்போ என்று சொல்வது இதைத்தான். ஹைட்ரோகுவினோன் 1880இலும், மெட்டால் 1891இலும் டெவலப்பர்களாகப் புழக்கத்துக்கு வந்தன. அக்ஃபாவின் ரோடினால் டெவலப்பருக்கும் அதே 1891இல்தான் காப்புரிமை பதிவானது.

இவற்றில் பெரும்பாலானவை ரகசியமாக இருந்ததில்லை. 1920களில் கோடக் உருவாக்கிய டி-76 உலகில் மிக அதிகமாகப் பயன்பட்ட டெவலப்பர்களில் ஒன்று. மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கரைசல். சூத்திரத்தைக் கோடக்கே வெளியிட்டது. இல்ஃபோர்டின் ஐடி-11 ஏறக்குறைய இதே கலவை. நல்ல தராசு ஒன்று இருந்தால் எவரும் கலக்கலாம். இந்திய ஸ்டூடியோக்கள் பலவற்றில் பொட்டலம் வாங்காமல் எடைபோட்டே கலந்தார்கள். உழைத்து ஓய்ந்த ஹைப்போவைக்கூட, அதில் கரைந்திருக்கும் வெள்ளிக்காக வாங்கிப்போக ஆள் வந்தது.

பிலிமுக்கும் தாளுக்கும் இந்த எளிமை கிடையாது. வெள்ளி உப்புக் கலந்த ஜெலட்டின் குழம்பை, முழு இருட்டில், ஓடிக்கொண்டிருக்கும் அகலமான சுருளின் மேல் மைக்ரோமீட்டர் கணக்கில் பூச வேண்டும். வண்ண பிலிமில் இத்தகைய படலங்கள் பத்துக்கும் மேல். ஜெலட்டினின் குணமே நெடுநாள் புதிராக இருந்தது: ஒரு தொகுதி நன்றாக ஒளியை உணரும், அடுத்தது மந்தமாக இருக்கும். கோடக்கின் சாமுவேல் ஷெப்பர்ட் 1920களில் காரணத்தைக் கண்டார். கடுகுச் செடி வகைகளை மேய்ந்த மாடுகளிலிருந்து வந்த ஜெலட்டினில் இருந்த கந்தகச் சேர்மம்தான் ஒளியுணர்வைக் கூட்டியது. அதன் பிறகே அந்தச் சேர்மத்தை அளந்து சேர்க்கும் முறை வந்தது. இத்தனையையும் கட்டுக்குள் வைத்திருக்கும் பூச்சு எந்திரம், நாள் முழுக்க ஓடினால்தான் கட்டுப்படியாகும். கல்யாண மண்டபத்து அண்டாவில் ஒரு படி அரிசி பொங்க முடியாது.

முதல் இழப்புகள்

இருட்டறையை முதலில் காலிசெய்தது டிஜிட்டல் அல்ல, வண்ணப்படம். 1972இல் வண்ண பிலிம் கழுவும் சி-41 முறையும், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் ஜப்பானின் நோரிட்சு நிறுவனத்தின் மினிலேப் எந்திரமும் வந்தபின், கழுவுவதும் பிரிண்ட் போடுவதும் ஸ்டூடியோவை விட்டு வெளியேறின. கறுப்பு வெள்ளை இருட்டறை ஆர்வலர்களிடமும் பத்திரிகை அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் ஒதுங்கியது.

சுற்றுச்சூழல் விதிகளும் தம் பங்குக்கு வெட்டின. தாள்களுக்கு இதமான பழுப்புச் சாயல் தந்த காட்மியம் 1980களில் விலக்கப்பட்டது. அக்ஃபாவின் ரெக்கார்ட் ராப்பிட் தாள் அதே பெயரில் தொடர்ந்து வந்தது, பழைய சாயல் வரவில்லை. பெயர் நிலைத்துப் பொருள் மாறுவது இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப நடப்பது. நிறுத்த அறிவிப்புகளை மட்டும் எண்ணுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

2004 முதல் 2013 வரை

1988இல் கோடக்கில் ஏறத்தாழ 1,45,000 பேர் வேலை பார்த்தார்கள். பிலிம் விற்பனை இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் உச்சம் தொட்டு, பிறகு எவரும் கணித்ததைவிட வேகமாக விழுந்தது. 2004 ஆகஸ்ட்டில் இல்ஃபோர்டின் பிரிட்டிஷ் நிறுவனம் கடன்காரர்களின் பொறுப்புக்குப் போனது. 2005 மே மாதம் ஜெர்மனியின் அக்ஃபாபோட்டோ திவாலானது. அடுத்த மாதமே, கறுப்பு வெள்ளைப் புகைப்படத் தாள் தயாரிப்பை நிறுத்துவதாகக் கோடக் அறிவித்தது. 2006 ஜனவரியில் கோனிகா மினோல்டா புகைப்படத் தொழிலிலிருந்தே விலகியது. அதே மாதம் நிக்கான் பெரும்பாலான பிலிம் கேமராக்களோடு எல்-நிக்கார் என்லார்ஜர் லென்ஸ்களையும் கைவிட்டது. 2007 அக்டோபரில் ராச்செஸ்டரில் கோடக்கின் ஆலைக் கட்டடங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் அதை டிஜிட்டல் கேமராக்களில் படமெடுத்ததைப் புகைப்படக் கலைஞர் ராபர்ட் பர்லி பிலிமில் பதிவுசெய்திருக்கிறார்.

பூச்சு ஆலைகளை அதுவரை ஓடவைத்தது ஆர்வலர்களின் வாங்குதல் அல்ல. எக்ஸ்ரேயும் சினிமாவும்தான் அந்த எடையைத் தாங்கின. இரண்டரை மணி நேரப் படத்தின் ஒரு 35 மி.மீ. பிரிண்ட்டுக்கு நான்கு கிலோமீட்டருக்கு மேல் பிலிம் வேண்டும். பெரிய படத்துக்கு இப்படி நூற்றுக்கணக்கில் பிரிண்ட் போட்டார்கள். திரையரங்குகள் டிஜிட்டலுக்கு மாறியதும் அத்தனையும் நின்றது. இந்தியாவில் அந்த மாற்றத்தை முன்னின்று நடத்திய கியூப் என்ற டிஜிட்டல் திரையிடல் அமைப்பு சென்னையில் உருவானது. ஃபியூஜிஃபிலிம் 2013இல் சினிமா பிலிம் தயாரிப்பை முடித்துக்கொண்டது. கோடக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரியிருந்தது.

அறிவியலும் தப்பவில்லை. வானியலாளர்கள் நம்பியிருந்த கோடக்கின் டெக்னிக்கல் பான் பிலிம் 2004 வாக்கில் நின்றது. கொடைக்கானல் வானாய்வகம் 1904 முதல் கால்சியத்தின் ஒளியில் சூரியனைக் கண்ணாடித் தட்டிலும் பிலிமிலும் பதிவுசெய்துவந்த நெடுந்தொடர் 2007இல் முடிந்தது.

ஊட்டி

உதகமண்டலத்தின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இந்த அலைக்கு முன்பே சாய்ந்தது. 1960இல் பதிவான இந்தப் பொதுத்துறை நிறுவனம், பிரான்சின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. தூசும் புழுக்கமும் இல்லாத மலைக்காற்று பூச்சு வேலைக்கு உகந்தது என்பதால் ஊட்டி தேர்வானது. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம், சினிமா பாசிட்டிவ், தாள், எக்ஸ்ரே பிலிம், கழுவும் வேதிப்பொருள்கள் எல்லாம் வந்தன. ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊருக்கும் இந்து நகர் என்றே பெயர்.

அதை வீழ்த்தியது டிஜிட்டல் என்று சொல்வது காலக்கணக்குக்கு ஒவ்வாது. சினிமா வண்ணத்துக்கு மாறியபோது இந்துவிடம் சொந்த வண்ண பிலிம் இல்லை. பாலியெஸ்டர் எக்ஸ்ரே பிலிமுக்கான புதிய ஆலை கடன்சுமையைக் கூட்டியது. 1991க்குப் பின் இறக்குமதி எளிதானது. 1990களின் நடுவிலேயே நிறுவனம் நலிவுற்றதாக அறிவிக்கப்பட்டது. மூடுவதற்கான நடவடிக்கைகள் இழுத்துக்கொண்டே போய், எஞ்சிய தொழிலாளர்களுக்கு 2014இல்தான் விருப்ப ஓய்வுத் திட்டம் ஒப்புதல் பெற்றது.

கழுவ முடியாத பிலிம்

வேதிப்பொருள் நின்றால் பிலிமே செத்துப்போகும் என்பதற்குத் தெளிவான சான்று கோடாக்ரோம். 1935இல் வந்த இதை உருவாக்கிய லியோபோல்ட் மேன்ஸ், லியோபோல்ட் கோடோவ்ஸ்கி இருவரும் இசைக்கலைஞர்கள். மற்ற வண்ண பிலிம்களில் சாயத்தை உண்டாக்கும் பொருள் பிலிமுக்குள்ளேயே இருக்கும். கோடாக்ரோமில் அது டெவலப்பரில் இருந்தது. மூன்று நிறத்துக்கும் தனித்தனி டெவலப்பர், இடையிடையே அளந்த ஒளியூட்டல், மேற்பார்வைக்கு ஒரு வேதியியலாளர் என்று கே-14 முறை நீண்டது. வீட்டில் கலக்கும் பேச்சே இல்லை.

2009 ஜூனில் கோடக் இதன் முடிவை அறிவித்தது. கடைசியாகச் சுற்றப்பட்ட சுருளைப் பெற்ற புகைப்படக் கலைஞர் ஸ்டீவ் மெக்கரி, நியூயார்க்கில் படமெடுத்தார்; மும்பையில் திரைக்கலைஞர்களையும், ராஜஸ்தானில் ராபாரி மக்களையும் எடுத்தார். கேன்சஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் ஊரின் டுவெய்ன்ஸ் போட்டோதான் உலகில் இதைக் கழுவிய கடைசிக் கூடம். 2010 டிசம்பர் 30க்குப் பின் அங்கும் சுருள்களை வாங்கவில்லை. இன்று பரணில் கிடைக்கும் கோடாக்ரோம் சுருளை நடைமுறையில் கறுப்பு வெள்ளையாக மட்டுமே கழுவலாம்.

போலராய்டின் கதை இதன் மறுபக்கம். 2008இல் உடனடி பிலிம் நிறுத்தப்பட்டதும், நெதர்லாந்தின் என்ஸ்கெடே ஆலை எந்திரங்களை இம்பாசிபிள் புராஜெக்ட் என்ற குழு காப்பாற்றியது. எந்திரம் கிடைத்தது, மூலப்பொருள்கள் கிடைக்கவில்லை. வேதியியலையே புதிதாக வகுக்க நேர்ந்தது. 2010இல் வெளிவந்த முதல் பிலிம்கள் மங்கலாகவும் நிலையற்றும் இருந்தன.

பின்னர்

ஆலையைச் சுருக்கிக்கொள்ள முடிந்தவர்கள் பிழைத்தார்கள். இல்ஃபோர்டின் மொபர்லி ஆலையை 2005இல் அதன் மேலாளர்களே வாங்கி ஹார்மன் டெக்னாலஜி என்ற பெயரில் நடத்தினார்கள். 2023இல் அது ஃபீனிக்ஸ் என்ற வண்ண பிலிமைக்கூட வெளியிட்டது. செக் நாட்டின் ஃபோமா ஒருபோதும் பெரிதாக வளரவில்லை, அதனாலேயே விழவும் இல்லை.

வேதிப்பொருள் பக்கம் நெருக்கடி தாமதமாக வந்தது. கோடக்கின் பெயரில் ஐரோப்பாவில் விற்ற பல டெவலப்பர்களைக் கலந்து அடைத்தது ஜெர்மனியின் டெட்டனால். 1847இல் தொடங்கிய அந்த நிறுவனம் 2018இல் திவாலானபோதுதான், பல பெட்டிகளுக்குப் பின்னால் ஒரே ஆலை இருந்தது வெளிப்பட்டது. கெட்டிப் பாகாக இருந்த கோடக்கின் ஹெச்சி-110 டெவலப்பர் அடுத்த ஆண்டு நீர்த்த திரவமாக வந்தது. கோடக்கிலிருந்து பிரிந்த கோடக் அலாரிஸ் 2020இல் தன் வேதிப்பொருள் வணிகத்தைச் சீனாவின் சினோ பிராமிஸுக்கு விற்றது. 2023இல் அதுவும் விலக, அமெரிக்காவின் போட்டோ சிஸ்டம்ஸ் கோடக் பெயருக்கான உரிமத்தை எடுத்துக்கொண்டது. இந்தக் கைமாற்றங்களின்போது கடைகளில் டி-76 இல்லாத மாதங்களிலும், மெட்டாலும் சல்பைட்டும் ஹைட்ரோகுவினோனும் வெண்காரமும் வேதிப்பொருள் கடைகளில் தனித்தனியாக விற்றுக்கொண்டுதான் இருந்தன.