திரிந்த பாலும் தித்திப்பும்

வங்காளத்தில் குடியேறிய தமிழர்களாகிய நாம் ரசகுல்லாவைச் சுவைக்கக் கற்றுக்கொண்டோமேயன்றி, அதன் வரலாற்றைக் கேட்டறிய முற்பட்டதில்லை. பால் திரிந்துவிட்டால் கெட்டுப்போயிற்று என்று கொட்டிவிடுவது நம் வீட்டு வழக்கம். வேண்டுமென்றே பாலைத் திரித்து, அத்திரளை வடிகட்டி, சானா என்று பெயரிட்டு, பெரும்பாலான இனிப்புகளுக்கு அதையே முதலாகக் கொண்டவர்கள் இந்நாட்டார். இவ்வேறுபாடு எங்ஙனம் நேர்ந்தது என்பதை அறிய ஏடுகளைப் புரட்டலாம். ஹௌராவில் பர்த்வான் லோக்கல் வண்டியிலும் ஏறலாம். மெயின் லைனில் 107 கிலோமீட்டர்; கட்டணமோ சொற்பம். ரயில்வே குமாஸ்தா சொல்வதால் இதை விளம்பரம் என்று எண்ணிவிட வேண்டாம்.

1854 ஆகஸ்டு 15 அன்று ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயின் முதற் பயணிகள் வண்டி ஹௌராவிலிருந்து ஹூக்ளி வரை ஓடியது. மறு ஆண்டே தடம் பர்த்வானைக் கடந்து ராணிகஞ்சு வரை நீண்டது. நிலக்கரிக்காகப் போட்ட பாதைதான். ஆயினும் மோதகர் என்னும் இனிப்புத் தொழிலாளர் குலத்தாரின் கைவண்ணம் ஊர்தோறும் பரவ அது பெரிதும் உதவிற்று.

காலை வண்டியில் புறப்படுவதே உசிதம். நிலையத்துக்கு வெளியே கண்ணெதிரே பொரித்தெடுக்கும் கசோரியை உருளைக்கிழங்குக் கறியுடன் இலைத் தொன்னையில் வாங்கி உண்டால் மதியம் வரை பசியிராது. பிறகு ஊருக்கு ஓர் இனிப்பு, ஆளுக்கு ஒன்று என்று வரையறுத்துக்கொண்டால் பணப்பையும் வயிறும் பிழைக்கும்.

முதலில் சந்தன்நகர். 1950 வரை பிரெஞ்சுக்காரர் வசமிருந்து, புதுச்சேரி கவர்னரின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த ஊர் என்பதால் நமக்குச் சற்று உறவு முறையும் உண்டு. இவ்வூர் 'ஜல்பரா சந்தேஷ்' கடித்தவுடன் உள்ளிருக்கும் பன்னீர் சட்டையில் தெறிக்கும். ஜமீன் வீடொன்றில் புது மாப்பிள்ளையைக் கேலி செய்வதற்கென்றே இதைச் செய்வித்தார்கள் என்பர்.

அடுத்து ஹூக்ளியும் பாண்டேலும். இங்கேதான் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் போர்த்துகீசியர் கோட்டையும் பண்டகசாலையும் அமைத்தனர். 1599இல் மாதா கோயில் எழுப்பினர். 1632இல் ஷாஜஹானின் படை ஹூக்ளியைக் கைப்பற்றிற்று. எனினும் அவர்களுடைய பாற்கட்டி பாண்டேல் என்ற பெயரிலேயே இன்றும் கல்கத்தாவில் விலையாகிறது. 1660களில் வங்காளத்துக்கு வந்த பெர்னியர் என்னும் பிரெஞ்சு மருத்துவர், இம்மாகாணத்து இனிப்புகளையும், அவற்றைச் செய்வதில் போர்த்துகீசியருக்கிருந்த திறமையையும் புகழ்ந்து எழுதியிருக்கிறார். பாலைத் திரிக்கும் பழக்கம் அவர்களிடமிருந்தே வங்காளிகளுக்கு வந்தது என்பது உணவு வரலாற்றறிஞர் கே. டி. அசயாவின் கருத்து.

இதை நாம் முழுவதும் ஏற்பதற்கில்லை. 12ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய 'மானசோல்லாசம்', பாலைப் புளிப்பிட்டுத் திரித்து, வடித்து, அரிசி மாவுடன் பிசைந்து செய்யும் பண்டத்தைக் கூறுகிறது. போர்த்துகீசியர் இந்நாட்டில் கால் வைப்பதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முந்தியது அது. அதுவும் தென்னாட்டு அரண்மனைச் சமையல்!

இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர் இருக்கலாம். நம் காலனியில் வங்காளத்து மருமகள் வந்த வீடுகள் பல. நவராத்திரிக்கு அவள் பிறந்தகத்திலிருந்து சந்தேஷ் வந்தால், "திரிந்த பால், சுவாமிக்கு ஆகாது" என்று மூத்த பெண்மணிகள் கொலுவுக்கு எட்டியே தட்டை வைக்கிறார்கள். அந்தப் பெண் வாய் திறப்பதில்லை. முகம் மட்டும் வாடுகிறது. மதுரா பேடாவும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் காய்ச்சிச் சுண்டிய பாலில் ஆனவை, மெய்தான். ஆனால் வங்காளத்து வீடுகளில் தேவிக்கு முன் வைப்பது சந்தேஷே. பூரியில் தேர்த் திருவிழா முடிந்து ஜகந்நாதர் கோயிலுக்குள் திரும்பும் நாளில், ஊடியிருக்கும் இலக்குமியைத் தேற்றப் படைப்பது ரசகுல்லாவே. தேவிக்கு ஆகுமானால் நம் கொலுப் பொம்மைகளுக்கு ஆகாதா?

ரசகுல்லா யாருடையது என்று இரு மாநிலங்களும் வழக்காடின. வங்காள ரசகுல்லாவுக்கு 2017இலும் ஒடிசாவினுடையதற்கு 2019இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்கத்தா பாக்பஜாரில் 1868இல் நபீன் சந்திர தாஸ் சாதித்தது, சானா உருண்டை பாகில் கொதித்தும் உடையாமல் பஞ்சுபோல் நிற்கச் செய்ததாகும். அவர் மகன் கிருஷ்ண சந்திர தாஸ் 1930இல் அதைத் தகரடப்பாவில் அடைத்தார். அது வெளியூர் செல்லத் தொடங்கிற்று.

1965இல் பால் பஞ்சத்தின்போது முதலமைச்சர் பிரபுல்ல சந்திர சென் சானா இனிப்புகளுக்கே தடை விதித்தார். மோதகர்கள் பிழைப்பிழந்தனர், கல்யாண வீடுகள் களையிழந்தன. 1967 தேர்தலில் ஆராம்பாக் தொகுதியில் அவரே தோற்றார். அரிசித் தட்டுப்பாடே அதற்குப் பெருங்காரணம். ஆயினும் ரசகுல்லாவின் சாபம் என்று சொல்வார் இன்றும் உளர்.

சக்திகரில் இறங்கினால் நீண்டு கறுத்த லாங்சா. நெய்ப்பிசுக்கு மிகுதி, ஒன்றே போதும்.

முடிவில் பர்த்வான். 1904இல் வைசிராய் கர்சன் இங்கு வந்தபோது மகாராஜா விஜயசந்த் மஹதாப் விருந்தளிக்க, பைரவ சந்திர நாக் என்ற மோதகர் சீதாபோகையும் மிஹிதானாவையும் படைத்தார் என்பது ஊர் வரலாறு. உண்டு மகிழ்ந்த கர்சன் அடுத்த ஆண்டே வங்காளத்தை இரண்டாகப் பிளந்தார். அவர் நினைவான வளைவு நகரில் இன்றும் நிற்கிறது. சீதாபோக் அரிசி மாவும் சானாவும் கலந்தது, பார்வைக்கு வெண்சாதமே. மிஹிதானா, நம் பூந்தியைக் கடுகளவாக்கியது போன்ற பொன்மணிகள். வைசிராய்க்கு வைத்த பண்டத்தை நூறு கிராம் அளவில் நாமும் வாங்கலாம். மிஹிதானா ஓரிரு நாள் தாங்கும், காலனிக்குக் கட்டிவரலாம். சீதாபோகை அன்றே, அங்கேயே உண்டுவிட்டு வண்டி ஏற வேண்டும்.