சபொத்தாழ்

1978இல் ஒரே ஒரு சொல்லால் ஒரு மனிதருக்கு மெமோ வாங்கிக் கொடுத்தேன். இன்றும் உறுத்துகிறது.

எங்கள் அலுவலகத்தில் இளநிலை எழுத்தர் ஒருவர் ஓய்வூதியப் பட்டியலை அவசர அவசரமாக நகல் எடுத்து, தொகைகளை வரிசை மாற்றி எழுதிவிட்டார். கோப்பில் குறிப்பு எழுத வேண்டியவன் நான். கை எழுதியது ஆங்கிலம், மனத்தில் ஓடியது பிரெஞ்சு. ‘வேலையைச் சபோடாஜ் செய்துவிட்டார்’ என்று எழுதி அனுப்பினேன். எங்கள் பிரெஞ்சில் அள்ளித்தெளித்த கோலமாக வேலை செய்வதையும் ‘சபொத்தே’ என்றுதான் சொல்வோம். மேலதிகாரி ஆங்கிலத்தில் படித்தவர். அவருக்கு அந்தச் சொல் தண்டவாளத்தைப் பெயர்க்கிற ரகம். மறுநாளே மெமோ: வேண்டுமென்றே அரசுப் பணிக்குக் குந்தகம் விளைவித்ததாக!

இந்தச் சொல்லுக்குப் பள்ளியில் எங்கள் முசியே ஒரு கதை சொல்வார். ‘சபோ’ என்றால் பிரான்சு நாட்டு ஏழைகள் போட்ட மரக்காலணி. இயந்திரம் வந்து பிழைப்பைக் கெடுத்ததும் தொழிலாளிகள் அதைக் கழற்றித் தறிக்குள் வீசினார்களாம். நானும் இதைப் பல வருஷம் பலரிடம் அளந்திருக்கிறேன். ஓய்வு பெற்றபின் நிதானமாகப் படித்தபோதுதான் தெரிந்தது, அப்படி வீசியதற்குச் சான்று கிடையாது. நல்ல கதை, அவ்வளவுதான்.

உள்ளது வேறு. ‘சபொத்தாழ்’ என்பதற்கு மரக்காலணி செய்யும் தொழில் என்று ஒரு பழைய பொருள் உண்டு. அந்தக் காலணியோடு தடதடவென்று நடப்பதும், வேலையை அரைகுறையாய் முடிப்பதும் ‘சபொத்தே’. இதை ஒரு போராட்ட முறையின் பெயராக்கியவர் எமில் பூழே என்ற தொழிற்சங்கக்காரர். 1897இல் துலூஸ் நகரில் கூடிய தொழிற்சங்க மாநாட்டில் இது அறிக்கையாகவே வந்தது. குறைந்த கூலிக்கு மட்டமான வேலை என்பதுதான் சாரம். ஸ்காட்லாந்துத் துறைமுகத் தொழிலாளிகள் முன்பே கையாண்ட உபாயம் அது. பிறகு 1910இல் பிரெஞ்சு ரயில்வே வேலைநிறுத்தம். பிரியான் அரசு ஊழியர்களைப் படைச் சேவைக்கு அழைத்து அதை உடைத்தது. தந்திக் கம்பிகள் அறுபட்டன. அந்தச் செய்திகளோடுதான் சொல் ஆங்கிலத்தில் பரவியது. ஆக, ஆங்கிலத்துக்குப் போனது அறுத்த கம்பி. அரைகுறை வேலை பிரெஞ்சிலேயே தங்கிவிட்டது.

தமிழில் பத்திரிகைக்காரர்கள் ‘நாசவேலை’ என்கிறார்கள். அதில் வேண்டுமென்றே செய்வது ஒன்றுதான் உண்டு. கூட இருந்தே காரியத்தைக் கெடுப்பவனுக்குக் ‘குழிபறிப்பவன்’ என்ற சொல் இருக்கிறது. என் எழுத்தர் இரண்டுமில்லை. அன்று வீட்டில் அவர் மகளுக்குக் காய்ச்சல் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மெமோ வந்த மாலையே மேலதிகாரியிடம் போய், தப்பு என் சொல்லில்தான் ஐயா என்று விளக்கினேன். “பிரெஞ்சைப் பிரெஞ்சிலேயே வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். மெமோவைத் திரும்பப் பெற்றார். நானும் அந்த வரியை அடித்து, ‘கவனக்குறைவு’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

அந்த எழுத்தர் அதுவரை என்னோடு உட்கார்ந்துதான் மதியச் சாப்பாடு சாப்பிடுவார். அதற்குப் பிறகு மாற்றலாகிப் போகும்வரை, வேறு மேசையில்தான் டப்பாவைத் திறந்தார்.