ஈமாக்ஸ்: வெறும் கோப்பிலிருந்து தொடங்குவோம்

நிரல் எழுதுவோர் பயன்படுத்தும் மிகப் பழைய உரைத்தொகுப்பிகளில் ஈமாக்ஸும் ஒன்று. 1976இல் எம்.ஐ.ரி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் பிறந்தது. இன்று புழக்கத்திலுள்ள குனூ ஈமாக்ஸை றிச்சர்ட் ஸ்டோல்மன் 1985இல் வெளியிட்டார். இலவசம், பிள்ளைகளின் பழைய மடிக்கணினியிலும் ஓடும்.

இதன் பெரும்பகுதி ஈமாக்ஸ் லிஸ்ப் மொழியில் எழுதப்பட்டது. அதனால் எந்த விசை என்ன செய்ய வேண்டும் என்பதை நாமே மாற்றலாம். மாற்றங்கள் எல்லாம் ‘இனிட்’ என்ற ஒரே அமைப்புக் கோப்பில் இருக்கும். வீடு மாறினாலும் நாடு மாறினாலும் அந்தக் கோப்பை மட்டும் கொண்டுபோனால் போதும்.

புதியவர்கள் சறுக்குவதும் இங்கேதான். யாரோ எழுதிய ஆயிரம் வரிகளை அப்படியே பிரதி எடுப்பார்கள். பிறகு ஏதாவது பிழைத்தால் எந்த வரியால் என்று தெரியாது. நானும் ஒரு வார இறுதியை இப்படித் தொலைத்தவன்தான். வெறும் கோப்போடு தொடங்குங்கள். கொன்ட்ரோல்-எச், அடுத்து ரி அழுத்தினால் பயிற்சிப் பாடம் திறக்கும். முதலில் அதை முடியுங்கள். 2023இல் வந்த 29ஆம் பதிப்பிலிருந்து ‘எக்லொட்’ கூடவே வருகிறது. பைதன், சி போன்ற மொழிகளுக்குரிய சேவை நிரலை நிறுவி இதனுடன் இணைத்தால், எழுதும்போதே பிழைகளைக் காட்டும். மற்றவை தேவை வரும்போது, ஒவ்வொன்றாக.

தமிழுக்கு வேறு மென்பொருள் வேண்டாம். இயல்பான உள்ளீட்டு முறையாக ‘தமிழ்-ஐட்ரான்ஸ்’ என்று அமைப்புக் கோப்பில் குறித்தால், கொன்ட்ரோலுடன் பின்சாய்கோட்டை அழுத்தி மொழி மாறலாம். ஜேர்மன், பிரெஞ்சு விசைப்பலகைகளில் பின்சாய்கோட்டுக்கு இன்னொரு விசையும் சேர்த்து அழுத்த வேண்டும். எஃப்8க்கு மாற்றிவிடுங்கள், ஒரு வரிதான்.

எழுத்துரு சரியா என்று பார்க்க, கொன்ட்ரோல்-எச், அடுத்து எச். பல மொழி வாழ்த்துகளின் பட்டியல் விரியும். அதில் ‘வணக்கம்’ இருக்கிறது.